சின்ன எழுத்துப் பெயர்கள்

கல்லூரிக் காலத்தில் என்னிடம் ஒரு கேசட் இருந்தது. நண்பனின் அண்ணன் பதிவு செய்து கொடுத்தது. உறையில் பால்பாயின்ட் பேனாவால் 'பங்களாதேஷ்' என்று மட்டும் எழுதியிருக்கும். ஜார்ஜ் ஹாரிசன், பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார் எல்லோரும் ஒரே மேடையில் வாசித்த கச்சேரி. அதைக் கேட்பதற்கு எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். கேசட்டைப் போட்டதும் ஃபாஸ்ட் ஃபார்வர்டை அழுத்துவேன். எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது விரலுக்கே தெரியும். சித்தாரும் சரோடும் எலிக்குஞ்சுகள் மாதிரி கீச்சிட்டுக்கொண்டு ஓடி மறையும். விரலை எடுத்தால் ஹாரிசனின் 'வா-வா' தொடங்கக் காத்திருக்கும். இப்படி மூன்று நான்கு வருடம் ரவிசங்கரைத் தாண்டிக் குதித்திருக்கிறேன்.

அந்தக் கச்சேரி நடந்ததே ரவிசங்கரால்தான் என்பது பின்னால் தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. 1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைப் புயல் விழுங்கியது. அடுத்த மார்ச்சில் ராணுவம் இறங்கியது. லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி வந்தார்கள். ஒரு கச்சேரி வைத்து 25,000 டாலர் திரட்டி அனுப்பலாமா என்று யோசித்த ரவிசங்கர் ஹாரிசனிடம் உதவி கேட்டார். 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பகலில் ஒன்று, இரவில் ஒன்று என இரண்டு காட்சிகள் நடந்தன. 40,000 பேர் வந்தார்கள். நுழைவுச்சீட்டில் மட்டும் 2,43,418 டாலர் 50 சென்ட் சேர்ந்து யுனிசெஃபுக்குப் போனது. முதலில் மேடையேறியவர்கள் ரவிசங்கரும் அலி அக்பர் கானும். அலி அக்பரின் அப்பா, ரவிசங்கரின் குரு, அலாவுதீன் கான் பிறந்த ஊர் அந்தக் கிழக்கு வங்கத்தில்தான் இருக்கிறது. எந்த மண்ணுக்காகக் கூட்டம் கூடியதோ அந்த மண்ணின் ஆட்கள் முதலில் வாசித்தார்கள். கூட்டம் அவர்களுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்காக உட்கார்ந்திருந்தது.

அன்று நடந்த ஒரு சங்கதி உலகப் பிரசித்தம். புகைபிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ரவிசங்கர் உட்கார்ந்தார். சித்தாரையும் சரோடையும் தபலாவையும் சுருதி சேர்த்தார்கள். ஒன்றரை நிமிடம் போல ஆயிற்று. சேர்த்து முடித்ததும் அரங்கம் கைதட்டியது. சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசித்தீர்களென்றால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் அவர் சிரித்தபடி ஒரு வார்த்தை சொன்னார். எல்லோரும் இதை அமெரிக்கர்களின் அறியாமைக்கு உதாரணமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது எனக்கு அந்தக் கைதட்டல் மேல் மரியாதைதான் இருக்கிறது. புரியாத ஒன்றின் முன்னால் அவர்கள் சும்மாவாவது உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் போல விரலை வைத்து அழுத்தவில்லை.

ராக் கச்சேரியில் பெரிய குழு வருமுன் இன்னொருவர் முப்பது நாற்பது நிமிடம் வாசிப்பது வழக்கம். அமெரிக்காவில் அதை ஓப்பனிங் ஆக்ட் என்பார்கள், இங்கிலாந்தில் சப்போர்ட். நம் கூத்தில் ராஜா வேஷம் வருமுன் கட்டியக்காரன் வருவான். ஆனால் கட்டியக்காரனுக்கு ஊரில் செல்வாக்கு உண்டு. அவன் அடிக்கப்போகும் நக்கலுக்காகவே முன்வரிசையில் குழந்தைகள் தூங்காமல் கிடக்கும். இவர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. முன்கச்சேரி என்று நானாக ஒரு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முன்கச்சேரிக்காரர் பாடு கொஞ்சம் பரிதாபமானது. மேடையின் பெரும்பகுதியில் பெரிய குழுவின் டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயர்களும் கருப்புத் துணி போர்த்திக் கிடக்கும். அதற்கு முன்னால் மிஞ்சிய திண்ணை அகலத்தில் இவர்கள் நிற்க வேண்டும். மைக் சரிபார்க்க, பெரிய குழு எடுத்துக்கொண்டது போக நேரம் இருந்தால் உண்டு. ஒலியையும் விளக்கையும் முழுசாகத் திறந்துவிட மாட்டார்கள். பாதிக் கூட்டம் வெளியே பீர் வரிசையில் நிற்கும். கூலி சொற்பம். சில பயணங்களில் இந்த இடத்தைப் பிடிக்க இவர்களின் ரெக்கார்டு கம்பெனியே எதிர்க்காசு கட்டும். சுவரொட்டியில் பெரிய பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இவர்கள் பெயர் இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது. 1968 டிசம்பர் 26 அன்று டென்வர் நகரில் வெனிலா ஃபட்ஜ், ஸ்பிரிட் என்ற இரண்டு குழுக்களுக்கு முன்னால் விளம்பரத்தில் பெயரே இல்லாத ஓர் இங்கிலாந்துக் குழு வாசித்துவிட்டுப் போயிற்று. அது லெட் செப்பலின், அமெரிக்காவில் அதன் முதல் மேடை.

இருந்தும் கச்சேரியின் மற்ற எந்தப் பகுதியைவிடவும் இந்த அரைமணி நேரத்தைப் பற்றி யோசிக்கத்தான் எனக்குப் பிடிக்கிறது. பிறகு வரும் இரண்டு மணி நேரமும் கூட்டம் தனக்கு மனப்பாடமான பாட்டைத் திரும்பக் கேட்கிறது. காசு கொடுத்துக் கேட்க வராத இசை அதன் காதில் விழுவது இந்த அரைமணியில்தான். யாரை முன்னால் விடுவது என்பதைப் பெரும்பாலும் மேனேஜர்களும் ஏஜென்ட்டுகளும் முடிவு செய்வார்கள். பெரிய குழு தானே ஆளைத் தேர்ந்தெடுத்த இடங்களில் அதன் மனசு வெளியே தெரிந்துவிடுகிறது. அது வைத்திருக்கும் கடன், பயம், ஆசை எல்லாம்.

பயத்திலிருந்தே தொடங்கலாம். 1963-இல் இங்கிலாந்தில் பாப் இசைப் பயணம் என்றால் ஒரு பஸ் நிறையப் பாடகர்கள். ஊர் ஊராகச் சினிமாக் கொட்டகைகளில் ஒரு ராத்திரிக்கு இரண்டு காட்சி நடக்கும். ஆளுக்குப் பத்து, இருபது நிமிடம். யார் எத்தனையாவதாக வருகிறார் என்பதுதான் அந்தஸ்து. பிப்ரவரி 2-ஆம் தேதி பிராட்ஃபர்டில் தொடங்கிய பயணத்தின் நாயகி ஹெலன் ஷபீரோ. வயது 16. அவருக்குக் கீழே, பட்டியலின் அடிப்பகுதியில், லிவர்பூல் பையன்கள் நால்வர். லெனனும் மெக்கார்ட்னியும் ஹெலனுக்காக 'மிசரி' என்று ஒரு பாட்டுக் கட்டினார்கள். அவர் தரப்பில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அதே பஸ்ஸில் வந்த கென்னி லிஞ்ச் அதை வாங்கிப் பாடினார். பீட்டில்ஸ் பாட்டொன்றைப் பிறர் பாடிப் பதிவு செய்தது அதுதான் முதல் முறை. மார்ச்சில் டாமி ரோ, கிறிஸ் மான்டெஸ் என்ற இரண்டு அமெரிக்கர்களுக்குக் கீழே இன்னொரு பயணம். மே மாதம் ராய் ஆர்பிசனோடு மூன்றாவது.

ஆர்பிசன் டெக்சாஸ்காரர். மேடையில் அசைய மாட்டார். நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்று வாயை லேசாகத் திறப்பார். அந்தக் குரல் படிப்படியாக ஏறி, இதற்கு மேல் படி இல்லை என்று நாம் நினைக்கும் இடத்தில் இன்னும் இரண்டு படி ஏறும். பயணம் ஒப்பந்தமானபோது கடைசியாகப் பாட வேண்டியவர் அவர்தான். ஆனால் அந்த மூன்று மாதத்தில் இங்கிலாந்துக்குப் பீட்டில்ஸ் காய்ச்சல் கண்டுவிட்டது. பையன்களைக் கடைசியில் விடலாமா என்று கேட்டார்கள். ஆர்பிசன் சரியென்று விட்டுக்கொடுத்தார். சங்கடம் அதற்குப் பிறகுதான். முன்னால் போய்ப் பாடியவரைக் கூட்டம் இறங்க விடவில்லை. ஒன்ஸ்மோர், மறுபடி ஒன்ஸ்மோர். திரைக்குப் பின்னால் கிதாரோடு நால்வரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். கடைசியில் லெனனும் மெக்கார்ட்னியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, திரும்ப மேடைக்குப் போகாதபடி தன்னை இழுத்து நிறுத்தினார்கள் என்று ஆர்பிசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெளியே கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்ததாம்.

பீட்டில்ஸ் பற்றிப் புத்தகங்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன. எனக்கு அவர்கள் மேல் பிரியம் வந்தது இந்த ஒரு காட்சியால். இன்னும் சில மாதங்களில் உலகமே காலடியில் விழப்போகிறது. ஆனால் அந்த ராத்திரி ஒரு டெக்சாஸ்காரருக்குப் பின்னால் போய் நிற்க அவர்களுக்கு உதறுகிறது. பயப்படத் தெரிந்த காது இருந்திருக்கிறது. இருபத்தைந்து வருடம் கழித்து, 1988-இல், அந்த நால்வரில் ஒருவரான ஹாரிசனும் ஆர்பிசனும் டிராவலிங் வில்பரிஸ் என்ற ஒரே குழுவில் சேர்ந்து பாடினார்கள். அந்த டிசம்பரில் ஆர்பிசன் போய்ச் சேர்ந்தார்.

பீட்டில்ஸ் பெரிய குழுவான பிறகு அவர்களுக்கு முன்னால் பாடியவர்களின் கதை வேறு. 1964 அமெரிக்கப் பயணத்தில் ரைட்டியஸ் பிரதர்ஸ் பாடிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் பீட்டில்ஸ் பெயரைச் சொல்லிக் கத்தியது. பாதிப் பயணத்தில் அவர்கள் விலகிக்கொண்டார்கள். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், மங்க்கீஸ் குழுவுக்கு முன்னால் வாசித்த கதையை ராக் ரசிகர்கள் நகைச்சுவைத் துணுக்காகச் சொல்வார்கள். மங்க்கீஸ் 1966-இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக ஆள் தேர்வு வைத்து ஒட்டிய குழு. அவர்கள் ரசிகர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தைகள். பக்கத்தில் கூட்டிவந்த அப்பா அம்மா. அந்தக் கூட்டத்தின் முன்னால், கிதாரைப் பல்லால் கடித்து வாசிக்கிற, மாண்டரே இசைவிழாவில் அதற்குத் தீ வைத்துவிட்டு வந்த ஹெண்ட்ரிக்ஸ். 1967 ஜூலை 8 அன்று புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் தொடங்கியது. அவர் தன் 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டைப் பாடப் பாட, குழந்தைகள் மங்க்கீஸ் பாடகர் டேவி ஜோன்ஸ் வேண்டுமென்று கத்தினார்கள். பத்துக் கச்சேரி தேறவில்லை. நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் டென்னிஸ் அரங்கத்தோடு விலகிவிட்டார். ஒரு தேசபக்த மாதர் சங்கம் ஆட்சேபித்ததால் நீக்கப்பட்டார் என்று பத்திரிகைகளில் வந்ததே, அது லிலியன் ராக்ஸன் என்ற பத்திரிகையாளர் கேலிக்காகக் கட்டிவிட்ட கதை. இன்றும் சிலர் அதை உண்மையென்று எழுதுகிறார்கள்.

எனக்கு இது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. ஹெண்ட்ரிக்ஸ் வேண்டுமென்று கேட்டது யார்? மங்க்கீஸில் டிரம்ஸ் வாசித்த மிக்கி டோலன்ஸ். இவர்கள் வாசிப்பதில்லை, பாவனை செய்கிறார்கள் என்று ஊரெல்லாம் திட்டு வாங்கிய குழு அது. சொந்தக் கையால் வாசித்துப் பதிவு செய்யவே கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அப்படி வாசித்த 'ஹெட்குவார்ட்டர்ஸ்' இசைத்தட்டு அந்த மே மாதம்தான் வெளிவந்தது. ஹெண்ட்ரிக்ஸின் முதல் முழு இசைத்தட்டோ அமெரிக்காவில் இன்னும் வரவே இல்லை. அந்த நேரத்தில் அசல் சரக்கு எது என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தங்கள் கச்சேரிக்கு முன் மேடையோரமாக வந்து நின்று தினமும் அவர் வாசிப்பைக் கேட்டார்கள். தங்கள் கூட்டம் அவரை விரட்டுவதையும் பார்த்தார்கள். விலகிக்கொள்கிறேன் என்றபோது மனஸ்தாபம் இல்லாமல் வழியனுப்பினார்கள். போலி என்று பெயர் வாங்கியவர்களுக்கு இந்தக் கதையில் நான் கொடுக்கும் மதிப்பெண் மிக அதிகம்.

ரோலிங் ஸ்டோன்ஸ் என் குழு அல்ல. ஆனால் யாரையெல்லாம் தங்களுக்கு முன்னால் பாட வைத்தார்கள் என்ற ஒரு விஷயத்துக்காக அவர்களுக்குக் கும்பிடு போடலாம். சூடுபட்டுக் கற்ற பாடம் அது. 1964 அக்டோபரில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில், 'டாமி ஷோ' என்ற படத்துக்காக நடந்த கச்சேரியில் ஜேம்ஸ் பிரவுனுக்கு அடுத்து அவர்கள் மேடையேற வேண்டியிருந்தது. பிரவுன் ஆடி முடித்து, மண்டியிட்டு விழுந்து, மேலே போர்வை போர்த்தி அழைத்துப்போகப்பட்டு, உதறிவிட்டு மறுபடி ஓடி வந்து பாடிய பிறகு அந்த மேடையில் என்ன மிச்சமிருக்கும்? தாங்கள் செய்த ஆகப்பெரிய தப்பு அது என்று கீத் ரிச்சர்ட்ஸ் பிற்காலத்தில் சொன்னார். அதோடு அவர்கள் சும்மா இருந்திருக்கலாம், சாதுவான குழுக்களாகப் பார்த்து முன்னால் விட்டிருக்கலாம். செய்யவில்லை. 1966-இல் இங்கிலாந்துப் பயணத்தில் ஐக் - டினா டர்னர். 1969 அமெரிக்கப் பயணத்தில் மறுபடி அவர்களோடு பி.பி. கிங். டினா ஆடுவதை ஓரமாக நின்று பார்த்துத்தான் மிக் ஜாகர் பாதி ஆட்டத்தைக் கற்றார் என்று சொல்வார்கள். 1972-இல் 22 வயது ஸ்டீவி வொண்டர். வெள்ளை ராக் ரசிகர்கள் அவரை ஊர் ஊராகக் கேட்டது அந்தப் பயணத்தில். அவருடைய 'சூப்பர்ஸ்டிஷன்' அந்த அக்டோபரில் வெளிவந்து ஜனவரியில் முதலிடம் பிடித்தது.

1981 அக்டோபர் 9, லாஸ் ஏஞ்சலிஸ் மெமோரியல் கொலீசியம். 90,000-க்கு மேல் ஜனம். ஸ்டோன்ஸுக்கு முன்னால் மூன்று பேர்: முதலில் பிரின்ஸ், பிறகு ஜார்ஜ் தொரோகுட், பிறகு ஜே. கைல்ஸ் பேண்ட். பிரின்ஸுக்கு 23 வயது. நீள மழைக்கோட்டு, உள்ளே ஒரு துண்டு ஜட்டி, தொடை வரை காலுறை. பெண்குரலில் பாடும் கருப்பு இளைஞன். இரண்டு மூன்று பாட்டுக்குள் வீச ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டில், பழம், கடித்த கோழித்துண்டு. இறங்கி நேராக விமானம் ஏறி மினியாபோலிஸ் போய்விட்டார். ஜாகர் தொலைபேசியில் பேசினார். பிரின்ஸின் கிதார்காரர் டெஸ் டிக்கர்சனும் பேசினார். 11-ஆம் தேதி திரும்பி வந்து பாடினார். அன்று சிலர் வீட்டிலிருந்தே பொருள் கொண்டுவந்து வீசினார்கள்.

ஒன்பது வருடத்தில் அதே குழுவின் கூட்டம் ஏன் இப்படி ஆயிற்று? ஸ்டீவியைக் கேட்டவர்கள் பிரின்ஸை ஏன் அடித்தார்கள்? உடை ஒரு சாக்கு. இடையில் அமெரிக்க வானொலி தனித்தனியாகப் பிரிந்திருந்தது. ராக் நிலையங்களில் கருப்பர் குரல் அருகிப்போனது. 1979 ஜூலையில் சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் ஒரு ரேடியோக்காரர் பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடி வைத்துத் தகர்த்தார். ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் இறங்கிக் கூத்தாடினார்கள். டிஸ்கோ என்றால் யாருடைய இசை என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தச் சூழலில் வளர்ந்த கூட்டம்தான் கொலீசியத்துக்கு வந்தது. அது வந்தது யாரைப் பார்க்க? மடி வாட்டர்ஸ் பாட்டொன்றின் தலைப்பிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட, சிகாகோ கருப்பர்களின் ப்ளூஸைப் பாடிப் பாடியே ஆளான ஒரு குழுவை. கடன் வாங்கிய இசையைக் கொண்டாட வந்து, கடன் கொடுத்த வீட்டுப் பிள்ளையைக் கல்லால் அடித்தார்கள்.

அதே 1981-இல், மே மாதம் நியூயார்க்கில் இதற்கு ஒரு முன்னோட்டம் நடந்தது. டைம்ஸ் ஸ்கொயர் அருகே பாண்ட்ஸ் என்ற இடத்தில் கிளாஷ் குழு எட்டுக் கச்சேரிகள் அறிவித்தது. கொள்ளளவுக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டதால் அதிகாரிகள் தலையிட, எல்லோருக்கும் பாடித் தீர்க்க வேண்டி எட்டு பதினேழாயிற்று. முதல் ராத்திரி முன்கச்சேரி கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷும் ஃப்யூரியஸ் ஃபைவும். ராப் இசை தெருமுனையைத் தாண்டி வந்துகொண்டிருந்த காலம். சமத்துவம் பேசும் பங்க் கூட்டம் அவர்கள் மேல் குப்பையை வீசியது. ஜோ ஸ்ட்ரம்மர் தன் ரசிகர்களையே மேடையிலிருந்து கண்டித்தார்.

கிளாஷ் இந்த விஷயத்தில் தனி ரகம். 1979 தொடக்கத்தில் முதல் முறையாக அமெரிக்கா போனபோது தங்களுக்கு முன்னால் வாசிக்க அவர்கள் வேண்டிக் கேட்டது போ டிட்லியை. ராக் இசையின் ஒரு தாளத்துக்கே அவர் பெயர்தான். வயது ஐம்பது. மூத்தவர் முன்னால், நேற்று வந்தவர்கள் பின்னால், சுவரொட்டியில் பெரிய எழுத்தில். நம் சங்கீத உலகில் சிஷ்யனுக்கு முன்னால் குருவை அரைமணி பாடச் சொல்ல யாருக்காவது நாக்கு வருமா? கிளாஷுக்கு அது உறுத்தியிருக்கிறது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் வாய் பிளந்து நின்றதாக ஸ்ட்ரம்மர் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் தனக்குக் கொடுத்த படுக்கையில் கிதாரைப் படுக்க வைத்துவிட்டு டிட்லி உட்கார்ந்தபடியே தூங்குவார் என்று ஒரு கதை உண்டு. மரியாதை என்பதா, சுரண்டல் என்பதா? மேடை இல்லாமல் கிடந்த பெரியவருக்கு மேடை கிடைத்தது, சம்பளம் கிடைத்தது. ஆனால் கிடைத்தது முன்மேடைதான். எனக்கு இரண்டு மனசு. 1982 அக்டோபரில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் இதே கிளாஷ், ஹூ குழுவுக்கு முன்னால் வாசித்தது. 1965-இல் பீட்டில்ஸ் 55,000 பேர் முன் பாடிய அதே இடம். அந்த முன்கச்சேரியின் பதிவு 2008-இல் தனி இசைத்தட்டாகவே வந்தது. இப்போது ஷே 1982 என்றால் பலருக்குக் கிளாஷ்தான் நினைவுக்கு வருகிறது.

முன்கச்சேரியில் ஒருவருக்கு அடித்த யோகம் என்றால் 1974 மே 9-ஐச் சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில், ஹார்வர்டு ஸ்கொயர் தியேட்டரில் பானி ரெய்ட்டுக்கு முன்னால் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்த விமர்சகர் ஜான் லேண்டோ, ராக் இசையின் எதிர்காலத்தைக் கண்டுவிட்டேன் என்கிற ரீதியில் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். அடுத்த வருடம் 'பார்ன் டு ரன்' தயாரிப்பில் சேர்ந்து, பிறகு மேனேஜரும் ஆனார். முந்தைய வருடம் மேக்ஸஸ் கான்சஸ் சிட்டி என்ற நியூயார்க் விடுதியில் ஸ்ப்ரிங்ஸ்டீனுக்கு முன்னால் வாசித்தவர்கள் பாப் மார்லியும் வெய்லர்ஸும். அதிகக் கூட்டம் பிடிக்காத சின்ன இடம். அந்த ராத்திரி டிக்கெட் ஒன்று கிடைத்தால் இன்று என்ன விலை போகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு.

யோகம் இல்லாதவர்களில் எனக்குப் பிடித்தவர்கள் சூசைட். ஆலன் வேகா பாடுவார், மார்ட்டின் ரெவ் ஒரு பழைய ஆர்கனும் தாளப்பெட்டியும் வைத்து வாசிப்பார். அவ்வளவுதான் குழு. கிதார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. 1978 ஜூன் 16 அன்று பிரஸ்ஸல்ஸில் எல்விஸ் காஸ்டெல்லோவுக்கு முன்னால் மேடையேறினார்கள். கொஞ்ச நேரம் சாதாரணச் சலசலப்பு. பிறகு ஊளை. பிறகு யாரோ வேகாவின் மைக்கையே பிடுங்கிக்கொண்டார்கள். கச்சேரி நின்றது. கோபத்தோடு வந்த காஸ்டெல்லோ சுருக்கமாக வாசித்துவிட்டு இறங்க, கலவரமாகி போலீஸ் வந்தது. இதை ஒருவர் கேசட்டில் பதிவு செய்திருந்தார். '23 மினிட்ஸ் ஓவர் பிரஸ்ஸல்ஸ்' என்று அது வெளிவந்தது. கேட்டால் உங்களுக்கு முதலில் பாட்டு காதில் விழாது, கூட்டம்தான் விழும். மூன்றாவது முறை கேட்கும்போது அந்த ஊளையே பாட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஊளை இல்லாத ஸ்டுடியோப் பதிவு சப்பென்று இருக்கிறது. 2005-இல் தனியாகப் பயணம் போன ஸ்ப்ரிங்ஸ்டீன், கச்சேரிகளை முடிக்க எடுத்துக்கொண்டது சூசைடின் 'ட்ரீம் பேபி ட்ரீம்'. ரசிகர்கள் அமைதியாகக் கேட்டார்கள்.

மறதிக்கும் ஒரு கதை. 1973 நவம்பர் 20, சான் ஃபிரான்சிஸ்கோ அருகே கௌ பேலஸ். ஹூ குழுவின் டிரம்ஸ்காரர் கீத் மூன் வாசிப்பின் நடுவே மயங்கிச் சரிந்தார். யாருக்காவது டிரம்ஸ் தெரியுமா என்று பீட் டவுன்ஷெண்ட் கூட்டத்தைப் பார்த்துக் கேட்க, ஸ்காட் ஹால்பின் என்ற 19 வயதுப் பையன் ஏறி மூன்று பாட்டுக்கு வாசித்தான். எல்லோருக்கும் இது தெரியும். அன்று முன்னால் வாசித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். லினர்ட் ஸ்கினர்ட். அவ்வளவு பெரிய குழுவையே அந்த ஒரு ராத்திரியின் கதை சொல்லும்போது விட்டுவிடுகிறார்கள்.

விடுவதில் நானும் கெட்டிக்காரன் என்பதால் கேசட்டுக்கே வருகிறேன். பங்களாதேஷ் கச்சேரிக்கு மூன்று வருடம் கழித்து, 1974 நவம்பரில், ஹாரிசன் வட அமெரிக்கப் பயணம் கிளம்பினார். பீட்டில்ஸில் இருந்த ஒருவர் தனியாக அங்கே பயணம் போவது அதுவே முதல் முறை. பீட்டில்ஸ் பாட்டுக்காக வந்த கூட்டத்துக்கு அவர் தொண்டை கட்டிய குரலில் புதுப் பாட்டுகளைப் பாடினார். தன் பாட்டுகளுக்கு நடுவே ரவிசங்கர் தலைமையில் ஓர் இந்திய வாத்தியக் குழுவுக்கு நீண்ட நேரம் ஒதுக்கினார். அலா ரக்கா, ஹரிபிரசாத் சௌராசியா, சிவகுமார் சர்மா, சுல்தான் கான். வயலின் எல். சுப்பிரமணியம். மிருதங்கம் டி.வி. கோபாலகிருஷ்ணன். செம்பையின் சிஷ்யர், பாடவும் தெரிந்தவர். அவர் அமெரிக்க விளையாட்டரங்குகளில் ராக் அண்டு ரோல் வேண்டும் என்ற கூச்சலுக்கு நடுவே உட்கார்ந்து வாசித்தார். பத்திரிகைகள் பயணத்தைக் கிழித்துத் தொங்கவிட்டன. ஹாரிசன் கடைசி வரை அந்தப் பகுதியை எடுக்கவில்லை. பிடிவாதம்தான். ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் பிடிவாதங்களிலும் எனக்கு நெருக்கமானது அது. சிகாகோவில் ரவிசங்கருக்கு மாரடைப்பு வந்து சில கச்சேரிகளுக்கு அவரால் வர முடியாமல் போக, குழுவை நடத்தியவர் பாடகி லட்சுமி சங்கர். சென்னையிலிருந்து 1930களின் இறுதியில், பரதநாட்டியம் கற்ற பெண்ணாக, உதயசங்கரின் அல்மோரா நடன மையத்துக்குப் போனவர்.

சில வருடங்களுக்கு முன் பழைய கேசட் கிடைக்காமல், பங்களாதேஷ் கச்சேரியைக் குறுந்தகட்டில் வாங்கினேன். காதில் ஹெட்போன் மாட்டி முதல் தடத்தை முதலிலிருந்து கேட்டேன். சுருதி சேர்க்கிறார்கள். கைதட்டல். ரவிசங்கரின் அந்த வார்த்தை, சிரிப்பலை. பிறகு 'பங்களா துன்'. சித்தாரும் சரோடும் ஒன்றையொன்று துரத்துகின்றன, தபலாவில் அலா ரக்கா இருவரையும் ஓட விட்டுப் பிடிக்கிறார். பின்னால் விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது தம்பூரா. யார் மீட்டுவது என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். சின்ன எழுத்தில் இருந்தது: கமலா சக்ரவர்த்தி. லட்சுமி சங்கரின் தங்கை. அக்காவோடும் அம்மாவோடும் சென்னையிலிருந்து அல்மோராவுக்குப் போன சிறுமி.